வாங்கிய வாக்கும் வளர்ந்த வாசகரும்

எழுதுகிறவன் தன் எழுத்துக்குத் தானே விலை கொடுத்துக் கைதட்டல் வாங்கலாமா? இவ்வினாவைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர் நகைத்துவிட்டு அப்பால் நகர்ந்துவிடுவோம். கூலிக்கு ஆள் சேர்த்துக் கூட்டம் காட்டுவதும், மாலையைத் தாமே வாங்கிக் கொடுத்துத் தம் கழுத்தில் போடச் சொல்வதும் நாம் காணாதவை அல்ல. ஆயினும் அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றுக்கும் பணமதிப்பு உண்டு, அஃது எழுதியவன் பையிலேயே நாணயமாய் வந்து விழும் என்று ஒரு விதி அமைந்துவிட்டால்? பத்துக் கொடுத்தவனுக்குப் பதினொன்று திரும்பி வரும் என்றால்? நகைப்பு அடங்கிவிடும், கணக்குத் தொடங்கிவிடும். ஸ்டீமிட் என்னும் இணையத் தளத்தில் நிகழ்ந்தது இதுவே. இதழ்களில் எழுதிக் காசு கண்டறியாத நமக்கு அங்கு என்ன வேலை என்று கேட்க வேண்டா. எழுத்தின் மதிப்பை அளக்கும் கோலையே விற்பனைப் பொருளாக்கினால் என்னவாகும் என்பதை அத்தளம் நான்கே ஆண்டுகளில் முழுமையாய் நடத்திக் காட்டிவிட்டது.

அறியாதவர்க்காகச் சில செய்திகள். டான் லாரிமர், நெட் ஸ்காட் என்னும் இருவர் 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கியது இத்தளம். அதன் அடித்தளமான 'ஸ்டீம்' பிளாக்செயின் அவ்வாண்டு மார்ச்சில் இயங்கத் தொடங்கிற்று. ஜூலை 4ஆம் நாள் எழுதியோர்க்கு முதன்முறையாகப் பரிசுப்பணம் கிடைத்தது. பிளாக்செயின் என்பது ஒருவர் கைக்குள் அடங்காமல், பல கணினிகளில் ஒரே வேளையில் எழுதப்படும் பொதுக் கணக்கேடு. எழுதியதை அழிக்க இயலாது. அந்த ஏட்டில் நாள்தோறும் புதிய நாணயம் பிறக்கும். 2016 டிசம்பர்ச் சீர்திருத்தத்துக்குப் பின், ஆண்டுக்கு 9.5 விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாய்க் குறையும் வண்ணம் அப்பிறப்பு அமைக்கப்பட்டது. அவ்வாறு பிறந்ததில் 75 விழுக்காடு ஒரு பொதுநிதிக்குச் சென்றது. எழுதியவர்க்கும், எழுத்தைக் கண்டு வாக்களித்தவர்க்கும் அந்நிதியே படியளந்தது. ஏழு நாள்கள் வரை விழும் வாக்குகளைக் கொண்டு ஒரு பதிவின் பங்கு கணிக்கப்படும். அப்பங்கில் முக்கால் எழுதியவர்க்கு, கால் வாக்களித்தவர்க்கு.

இதுவரை கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆனால் எல்லார் வாக்கும் ஒரே கனம் உடையது அன்று. நாணயத்தை வாங்கியோ, எழுதி ஈட்டியோ, தளத்துக்குள்ளேயே பூட்டி வைத்தால் அது 'ஸ்டீம் பவர்' ஆகும். பூட்டியதன் அளவே வாக்கின் கனம். பூட்டியதைத் திரும்ப எடுக்கத் தொடக்கத்தில் 104 வாரங்கள் ஆயின. பின்னர் அது 13 வாரமாகக் குறைக்கப்பட்டது. மிகுதியாய்ப் பூட்டியவரை அத்தளத்தார் 'திமிங்கிலம்' என்றனர். குறைவாய் வைத்தவர்க்குக் குஞ்சுமீன்களின் பெயர். நம்மூர் வழக்கில் அயிரை என்று வைத்துக்கொள்வோம். அயிரையின் வாக்கு ஒரு சதத்தையும் அசைக்காது. திமிங்கிலம் வாலை அசைத்தால் நூறு டாலர் விழும்.

இந்நிலையில் புதிதாய் வந்த ஒருவர் வளர்வது எங்ஙனம்? ஒரு வழி, மெல்ல வளர்வது. பிறர் எழுதியதைப் படிப்பது. படித்ததற்குச் சான்றாய் நாலு வரி மறுமொழி எழுதுவது. அம்மறுமொழியைக் கண்டு அவர் நம் பக்கம் வருவது. ஒருவர் இருவராய், இருவர் இருபதின்மராய் ஆவது. நைஜீரியாவிலும் வெனிசுவேலாவிலும் கொரியாவிலும் இந்தோனேசியாவின் ஆச்சே நிலத்திலும் இவ்வாறு வளர்ந்த எழுத்துச் சுற்றங்கள் பல. நாணயம் நாள்தோறும் மதிப்பிழந்துகொண்டிருந்த வெனிசுவேலாவில், ஒரு பதிவுக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று டாலர் விளையாட்டுப் பணம் அன்று, அடுப்பெரிக்கும் பணம். யாரும் கண்டுகொள்ளாத நல்லெழுத்தைத் தேடிப் பிடித்துத் திமிங்கிலங்களின் கண்ணுக்குக் காட்டுவதையே பணியாய்க் கொண்ட 'கியூரி' போன்ற குழுக்களும் இருந்தன. இவ்வழியை 'ஆர்கானிக்' வளர்ச்சி என்றழைத்தனர். உர மூட்டையின் மேல் அச்சிடும் சொல்லை எழுத்துக்கு ஏன் கொண்டு வந்தனரோ! வாசகர் சேர்வதற்கு 'வாசகர் சேர்தல்' என்று சொன்னால் போதாதா?

மற்றொரு வழி, வாங்குவது. 2017இல் ஒருவர் தம் ஸ்டீம் பவரை மற்றொருவர் கணக்குக்குக் கடனாய் ஒப்படைக்கும் வசதி வந்தது. அவ்வாண்டே ஜூனில், வாக்கின் கனத்தைக் கணிக்கும் முறையும் மாற்றப்பட்டது. அதுவரை பூட்டிய அளவின் வர்க்கமே கனமாய் இருந்தது. பத்து மடங்கு வைத்திருந்தவர்க்கு நூறு மடங்கு செல்வாக்கு. அதை நேர்விகிதமாக்கினர். ஏழை வாக்குக்கும் ஏதேனும் மதிப்பு இருக்கட்டும் என்பதே நோக்கம், நல்ல நோக்கம். ஆனால் நேர்விகிதமானதும் ஒவ்வொரு வாக்குக்கும் இன்ன விலை என்று காலணா பிசகாமல் கணக்கிட முடிந்தது. விலை தெரிந்த பொருளுக்குக் கடை வரத் தாமதமாகுமா? 'பிட் பாட்' என்னும் தானியங்கி வாக்குக் கணக்குகள் வரிசையாய் முளைத்தன.

அவை இயங்கிய விதம் இது. ஒரு முழு வாக்கு, கணக்கின் வாக்குவலிமையில் 2 விழுக்காட்டைக் கரைக்கும். வலிமை நாளொன்றுக்கு 20 விழுக்காடு மீளும். ஆதலின் 2.4 மணிக்கு ஒரு முழு வாக்கை இடைவிடாது அளித்துக்கொண்டே இருக்கலாம். அந்த 2.4 மணி நேரமே ஏலத்தின் ஒரு சுற்று. பதிவின் முகவரியைக் குறிப்பில் எழுதி, பணத்தை அக்கணக்குக்கு அனுப்ப வேண்டும். சுற்று முடிந்ததும், அனுப்பியவர் அனைவர்க்கும் அவரவர் அனுப்பிய விகிதப்படி வாக்கு பகிரப்படும். எந்திரத்தின் பின்னிருந்த வலிமையோ பெரும்பாலும் பிறர் கடனாய் ஒப்படைத்தது. ஒப்படைத்தவர்க்கு நாள்தோறும் வாடகை சேர்ந்துவிடும். இதில் எழுத்தைப் படித்தவர் யார்? ஒருவரும் இலர். எழுதியவர் பணம் அனுப்பினார், எந்திரம் வாக்கிட்டது, வாக்கின் உரிமையாளர் உறங்கிக்கொண்டிருந்தார். 2018இல் அத்தளத்தின் முகப்பான 'டிரெண்டிங்' பக்கத்தைத் திறந்தவர் கண்டது, பெரும்பாலும் இவ்வாறு விலைக்கு ஏறிய பதிவுகளையே.

வாங்கியோர் சார்பில் கூறப்பட்ட வாதங்களுள் முதலாவது: இது விளம்பரம், கடைக்காரர் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பதில்லையா, அதுபோல்தான் இதுவும் என்பது. எடுத்த எடுப்பில் நியாயமாய்த் தோன்றும் இவ்வாதத்தை நாம் அடியோடு மறுக்கிறோம். விளம்பரம் செய்பவன் செலவழிப்பது தன் காசை. அது அவனுக்குத் திரும்புவது, விளம்பரத்தைக் கண்டு யாரேனும் பொருள் வாங்கினால் மட்டுமே. இங்கோ வாங்கிய வாக்கே பரிசுநிதியிலிருந்து பணத்தை இறக்கித் தந்தது. ஒருவரும் படிக்காவிடினும் வந்தது. பொதுநிதி அன்றன்றைக்கு அளவுபட்டது. வாங்கிய வாக்குக்குச் சென்ற ஒவ்வொரு சதமும், வாங்காத வாக்கு பெற்ற எழுத்திலிருந்து பிரிந்து சென்ற சதம். ஆகவே, விளம்பரச் செலவை ஏற்றவர் விளம்பரம் செய்தவர் அல்லர். பணம் கொடுக்காமல் எழுதிக்கொண்டிருந்த ஏனைய ஆயிரவர். ஆச்சேயிலிருந்து எழுதியவர் தம் இரண்டு டாலர் ஒன்றரை ஆனது ஏன் என்றறியாமலே, வேறொருவர் விளம்பரத்துக்கு வரி செலுத்தினார்.

மேலும், விளம்பரத்தின் மேல் 'விளம்பரம்' என்று எழுதியிருக்கும். வாங்கிய வாக்கோ பதிவின் அடியில் மற்ற வாக்குகளோடு கூடி ஒரே எண்ணாய் நின்றது. நானூறு டாலர் என்று காட்டினால், புதிதாய் வந்தவர் அதை நானூறு டாலர் பெறுமான மதிப்பு என்றே கொள்வார். ஏட்டைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்தவர்க்கே உண்மை விளங்கும்.

இவ்வாதத்துக்கு முடிவான மறுமொழியை நாம் சொல்ல வேண்டியதில்லை, அத்தளமே சொல்லியிருக்கிறது. நேர்மையாய் விளம்பரம் செய்ய விரும்புவோர்க்கென்று 'புரமோட்டட்' என்னும் தனிப் பக்கம் ஒன்று அங்குத் தொடக்கத்திலேயே இருந்தது. 'நல்' என்னும் கணக்குக்குப் பணம் அனுப்பினால் பதிவு அப்பக்கத்தில் ஏறும். அனுப்பிய பணம் யார் கைக்கும் போகாது, எரிந்துபோகும். பார்வையாளரே வேண்டும் என்றவர்க்கு இதைவிடத் தூய வழி உண்டா? அதனை நாடியவர் மிகச் சிலர். கூட்டம் முழுதும் பிட் பாட்டின் வாயிலில் நின்றது. அவர்க்கு வேண்டியிருந்தது பார்வையாளர் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரண்டாம் வாதம் சுருக்கமானது. பணம் எனது, வாக்கு எனது, எனக்கு விருப்பமானபடி பயன்படுத்துவேன், உனக்கென்ன என்பது. இதற்கு மறுமொழி 2020இல் வந்தது, அங்கு வருவோம்.

மூன்றாம் வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. மெல்ல வளர்க, பொறுமை காக்க என்று போதித்தவர் யாவர்? பெரும்பாலும் மேலே அமர்ந்துவிட்டவர். தொடக்க நாள்களில், உலகம் இப்படியொன்று உண்டு என்று அறியுமுன்னே, கணினி கொண்டு நாணயத்தைத் தோண்டியெடுத்தவர்க்கே பெரும்பங்கு சேர்ந்தது. அவருள்ளும் தளத்தை நிறுவியவர்களின் நிறுவனமே பெரிய திமிங்கிலம். அத்திமிங்கிலங்கள் எழுதி வளரவும் இல்லை. விலை கொடுத்து வாங்கவும் இல்லை. முதலில் வந்து நின்றனர், அவ்வளவே. அவர்தம் நண்பர்க்கு வாக்கு மழை பெய்தது. அயலார்க்குத் தூறலும் இல்லை. இவ்வாறு நிலமே சரிந்திருந்த இடத்தில், ஒருவன் ஐந்து டாலர் கொடுத்து ஏணி வாங்கினான் என்று அவனைப் பழிப்பது அறமா? உள்ளபடியே நம்மைத் தயங்கச் செய்த கேள்வி இது. ஆறு மாதம் நாள்தோறும் எழுதியும் மொத்தம் பத்து டாலர் காணாதவர் பலர். அவர்க்குப் பொறுமை போதிக்க நமக்கும் நா எழவில்லை.

ஆயினும் அந்த ஏணி எங்கே சாய்ந்திருந்தது என்று பார்க்க வேண்டும். ஏழை கொடுத்த ஐந்து டாலர் போய்ச் சேர்ந்தது எவர் கைக்கு? எந்திரத்துக்கு வலிமையைக் கடன் கொடுத்த அதே திமிங்கிலத்தின் கைக்கு. முன்பு திமிங்கிலம் சம்பாதிக்க ஒரு வழி, நல்லெழுத்தைத் தேடிப் படித்து வாக்களித்து அந்தக் காற்பங்கைப் பெறுவது. அது சோம்பேறிக்கு ஒவ்வாத வேலை. எனினும் அதன் பொருட்டேனும் அவர் படித்தார். வாடகை வரத் தொடங்கியபின் அவர் ஏன் படிப்பார்? சரிந்த நிலத்தைச் சமன் செய்வதாய்ச் சொல்லி வந்த எந்திரம், மேலிருந்தவர் கீழே குனிந்து பார்ப்பதற்கு இருந்த ஒரே காரணத்தையும் எடுத்துவிட்டது. வாங்கியவர் ஐந்து டாலருக்கு வாக்கு பெற்றார். வருங்காலத்தில் தம்மைப் படித்திருக்கக்கூடிய ஒருவரை இழந்தார். இந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டையும் குறிக்க வேண்டும். நாணயத்தை வாங்கித் தன் கணக்கிலேயே 13 வாரப் பூட்டுக்குள் வைத்தவனும் செல்வாக்கை விலைக்கு வாங்கியவன்தான். ஆனால் தளம் வீழ்ந்தால் அவனும் வீழ்வான். அந்த அச்சம் அவனைச் சற்றே பொறுப்புள்ளவனாக்கும். பிட் பாட்டில் வாங்கியவனுக்கு அப்பிணைப்பும் இல்லை. ஏழாம் நாள் பணம் எடுத்துச் சென்றுவிடலாம்.

தளம் வீழவும் செய்தது. 2018 ஜனவரியில் எட்டு டாலரைத் தொட்ட ஸ்டீம் நாணயம், அவ்வாண்டு முடிவில் ஒரு டாலரில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கிடந்தது. நவம்பரில் நிறுவனம் தன் ஊழியருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரை வெளியேற்றிற்று. இவ்வீழ்ச்சிக்கு வாக்கு வணிகமே காரணம் என்று நாம் கூற மாட்டோம். அவ்வாண்டில் கிரிப்டோ நாணயங்கள் எல்லாமே சரிந்தன. ஆனால் விலை சரிந்தபோது தங்கி நின்று படிக்க வாசகர் இருந்தனரா என்பது வேறு கேள்வி.

2019 ஆகஸ்டில் விதியை மாற்றினர். எழுதியவர்க்கும் வாக்களித்தவர்க்கும் சரிபாதி என்றாயிற்று. தகாத பரிசைக் குறைக்கும் எதிர்வாக்குக்குத் தனி வலிமை கட்டணமின்றி அளிக்கப்பட்டது. அதுவரை எதிர்வாக்கு இட்டால் தன் வலிமையே கரையும். எனவே பெரும்பாலோர் இடத் துணியவில்லை. மாற்றம் வந்ததும் விலைக்கு ஏறிய பதிவுகள் மேல் எதிர்வாக்குகள் விழுந்தன, வாங்குவது நட்டமாயிற்று, எந்திரங்கள் பல ஓய்ந்தன, சில மனந்திருந்தி நல்லெழுத்தைத் தேடப் புறப்பட்டன. எழுதுகிறவர் வருவாயில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததே என்று முணுமுணுத்தோர் உண்டு; அம்முணுமுணுப்பிலும் நியாயம் இருந்தது. எனினும் வாக்கைச் சில்லறையாய் விற்ற கடைகள் மூடப்பட்டதில் நமக்கு மகிழ்ச்சியே. மொத்த வியாபாரி வருவார் என்று அப்போது எவரும் எண்ணவில்லை.

2020 பிப்ரவரியில், டிரான் நாணயத்தை நிறுவிய ஜஸ்டின் சன் ஸ்டீமிட் நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். நிறுவனத்தோடு, தொடக்கத்தில் தோண்டியெடுத்த அந்தப் பெரும் நாணயக் குவியலும் அவர் கைக்குச் சென்றது. அக்குவியலைத் தளத்தின் வளர்ச்சிக்கே செலவிடுவோம், ஆட்சியில் வாக்களிக்கப் பயன்படுத்த மாட்டோம் என்று பழைய உரிமையாளர் கூறியிருந்தனர். புதியவர்க்கு அச்சொல் கட்டுமா? பொதுக் கணக்கேட்டை எழுதிவரும் உரிமை 'சாட்சிகள்' எனப்படும் இருபதின்மரிடம் இருந்தது. அவரைத் தேர்ந்தெடுப்பதும் ஸ்டீம் பவரின் கனத்தால் எடைபோட்ட வாக்குகளே. அஞ்சிய சாட்சிகள் பிப்ரவரி 23ஆம் நாள் அக்குவியலை முடக்கி வைத்தனர். பிறர் உடைமையை முடக்கியது முறையா என்பது விவாதத்துக்குரியதே. நாம் அதனைப் போற்றவில்லை.

மார்ச் 2ஆம் நாள் மறுமொழி வந்தது. பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் என்னும் மூன்று நாணயச் சந்தை நிறுவனங்கள், தம்மிடம் வாடிக்கையாளர் வைத்திருந்த ஸ்டீம் நாணயத்தையே ஸ்டீம் பவராய்ப் பூட்டி, சன் பக்கம் வாக்களித்தன. சில மணி நேரத்தில் இருபது சாட்சிகளும் வெளியேற்றப்பட்டு, அவ்விடங்களில் யாரும் அறியாத புதுக் கணக்குகள் அமர்ந்தன. கண்டனம் எழுந்தபின் பைனான்சும் ஹுவோபியும் தம் வாக்குகளைத் திரும்பப் பெற்றன. ஆயினும் என்ன? நான்காண்டு எழுதியும் படித்தும் வளர்த்த ஓர் ஊர், ஒரே பிற்பகலில் பிறர் பணத்தின் கனத்தால் கைம்மாறியது. பூட்டிய நாணயத்தை வாடிக்கையாளர்க்கு எடுத்துக் கொடுக்கவோ 13 வாரம் வேண்டும்.

பணம் எனது, வாக்கு எனது, உனக்கென்ன என்ற அந்த இரண்டாம் வாதத்தை இப்போது எடுத்துக்கொள்வோம். 2018இல் ஐந்து டாலரை வைத்து அதனைச் சொன்னவருள் பலர், 2020 மார்ச்சில் அநீதி என்று குரலெழுப்பினர். எந்த அறத்தின் பேரில்? செல்வாக்கு விற்பனைப் பொருள் என்று ஒப்புக்கொண்டவர், தம்மினும் பெரிய பணப்பை வந்து நின்றபோது ஒதுங்கி வழிவிட வேண்டியதுதானே முறை? சன் சொன்னதும் அவர் முன்பு சொன்னதும் ஒன்றே, தொகைதான் வேறு. கடனாய் வாங்கிய வலிமையால் படிக்காத எழுத்துக்கு வாக்கிடலாம் என்றால், கடனாய்க் கிடந்த நாணயத்தால் அறியாத சாட்சிக்கும் வாக்கிடலாம். அவர்க்கு மறுமொழி சொல்லும் தகுதி, வாங்காதவர்க்கும் விற்காதவர்க்கும் மட்டுமே இருந்தது.

2020 மார்ச் 20ஆம் நாள், அத்தளத்தாருள் ஒரு பெரும்பகுதியினர் கணக்கேட்டைப் படியெடுத்துக்கொண்டு 'ஹைவ்' என்னும் புதிய பிளாக்செயினைத் தொடங்கினர். பெரும்பாலோர் இருப்பு அப்படியே நகலெடுக்கப்பட்டது. நிறுவனத்தின் குவியல் விடப்பட்டது. ஸ்டீமில் எஞ்சியோர், அவ்வாண்டு மே மாதத்தில் 64 கணக்குகளின் நாணயத்தைப் பறிமுதல் செய்தனர். அதைப் பற்றி எழுதினால் இவ்விதழின் பக்கம் போதாது. ஹைவுக்குச் சென்றவர் தம்முடன் கொண்டு சென்றது என்ன? நாணய இருப்பு நகலாய் வந்தது. பெயரைக் கண்டதும் வந்து படிப்பவர் மட்டும் நகலாய் வரவில்லை. அவர் தாமே புறப்பட்டு வந்தனர். ஒருவர்க்கொருவர் மறுமொழி எழுதிப் பழகிய சுற்றங்கள் ஒட்டுமொத்தமாய் நகர்ந்தன. பிட் பாட்டின் வாக்கால் மட்டுமே மேலே நின்றவர் பின்னே யார் நகர்ந்தனர்?

ஆயினும் ஹைவ் என்றதும் அறம் வென்றது என்று கொட்டு முழக்க நாம் ஆயத்தமாயில்லை. அங்கும் வாக்கின் கனம் பூட்டிய நாணயத்தின் அளவே. புதிதாய்ப் பூட்டியவர் ஆட்சி வாக்களிக்க 30 நாள் காத்திருக்க வேண்டும் என்றொரு விதியைப் பின்னர்ச் சேர்த்தனர். மார்ச் 2ஆம் நாளின் வடு அது. ஒரே பிற்பகலில் வாங்க இயலாது, ஒரு மாதத்தில் வாங்கலாம் என்பதே அதன் பொருள். வாக்களித்தவர் பதிவைத் திறந்தேனும் பார்த்தாரா என்று கேட்கும் விதி அங்கும் இல்லை.

வாங்கியவர் இன்று அதை மறுக்கலாம், மறந்தும் இருக்கலாம். கணக்கேடு மறக்கவில்லை. எந்தக் கணக்கிலிருந்து எந்த எந்திரத்துக்கு எவ்வளவு சென்றது, குறிப்பில் எந்தப் பதிவின் முகவரி இருந்தது, எத்தனை நாழிகைக்குப் பின் வாக்கு விழுந்தது என்பன எல்லாம் வரிவரியாய் அதில் இருக்கின்றன. 2020 மார்ச் வரையிலான ஏடு இரண்டு பிளாக்செயினுக்கும் பொதுவானது. ஆதலின் அந்த ரசீதுகள் இப்போது இரண்டு படிகளாய் உள்ளன. நூறு டாலர் எண்ணைத் தாங்கிய பல பதிவுகளின் அடியில் மறுமொழி என்று ஒன்றும் இல்லை; இருந்தால், வாக்கு விழுந்துவிட்டது என்று எந்திரம் எழுதிய அறிவிப்பு மட்டுமே இருக்கிறது.